சிட்டா யார் பெயரில் இருக்கிறது? நிதித்துறை வளர்ச்சியும் வருமான ஏற்றத்தாழ்வும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பொருளியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: ஒரு நாட்டில் வங்கிகளும் காப்பீடும் பங்குச் சந்தையும் வளர வளர, மக்களிடையே உள்ள வருமான ஏற்றத்தாழ்வு குறையுமா, கூடுமா? படித்த கட்டுரைகளில் பாதி குறையும் என்றும் மீதி கூடும் என்றும் சொல்கின்றன; ஆய்வேட்டில் எதை எழுதுவது என்றும், ஏழைகளுக்கு வங்கிக் கணக்குத் தொடங்கிவிட்டால் மட்டும் போதுமா என்றும் கேட்கிறார்.

இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. நிதித்துறை எவ்வளவு வளர்ந்தது என்பதைக் காட்டிலும், கடன் கொடுப்பவர் எதை ஈடாகவும் எதை அத்தாட்சியாகவும் ஏற்றுக்கொள்கிறார் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு. 1986 முதல் 2019 வரை திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கிளைகளில் வேளாண் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், புத்தகத்தில் படித்ததையும் கிளையின் மேசையில் பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கோட்பாடு. ஓடெட் கேலரும் ஜோசப் ஜெய்ராவும் 1993-இல் வைத்த வாதம் எளிமையானது. படிப்புக்கோ தொழிலுக்கோ ஒரு குறைந்தபட்ச முதல் தேவைப்படுகிறது. அந்த முதலைக் கடனாகப் பெற முடியாத குடும்பத்துப் பிள்ளை, எவ்வளவு திறமை இருந்தாலும், தகப்பன் செய்த கூலி வேலைக்கே திரும்புகிறது. ஏற்றத்தாழ்வு இவ்வாறு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சொத்தைப் போலவே கைமாறுகிறது. அதே ஆண்டில் அபிஜித் பானர்ஜியும் ஆண்ட்ரூ நியூமனும் தொழில் தேர்வை வைத்து இதையொத்த முடிவுக்கு வந்தார்கள். நடவு வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகளுக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்து, கல்விக் கடன் கிடைக்காமல் அந்த இடம் கைநழுவிப் போனால், அந்தக் குடும்பத்தின் அடுத்த முப்பது ஆண்டு வருமானம் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால், கடன் வசதி பெருகுவது ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும்.

கிரீன்வுட், ஜோவனோவிக் இருவரும் 1990-இல் சொன்னது வேறு. நிதி அமைப்புக்குள் நுழைவதற்கே ஒரு செலவு உண்டு. வளர்ச்சியின் தொடக்கத்தில் அந்தச் செலவைத் தாங்கக்கூடிய வசதி படைத்தவர்கள் மட்டும் உள்ளே போகிறார்கள், அவர்களுடைய வருமானம் மற்றவர்களை விட்டு விலகி ஓடுகிறது. பிறகு மெல்ல மெல்ல மற்றவர்களும் உள்ளே வரும்போது இடைவெளி குறைகிறது. சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் பொதுவான பொருளாதார வளர்ச்சிக்குச் சொன்ன, ஏறி இறங்கும் வளைவின் நிதித்துறை வடிவம் இது.

இந்த வளைவின் முதல் பாதியைக் காவிரிப் படுகையில் கண்ணால் பார்க்கலாம். கும்பகோணத்தில் 1904-லேயே ஒரு வங்கி தொடங்கப்பட்டது. அதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. சென்னையில் 1906-இல் அர்பத்நாட் நிறுவனம் முறிந்து ஏராளமானோரின் சேமிப்பு அழிந்தபோது, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னின்று இந்தியன் வங்கியை 1907-இல் உருவாக்கிய வி. கிருஷ்ணசாமி ஐயர் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஆகவே, இந்தப் பகுதி வங்கியை அறியாத பகுதி அன்று. ஆனாலும் மிராசுதாரரும் வணிகரும் வழக்கறிஞரும் மிதித்த வாசலை, பண்ணையாளாக வேலை செய்தவர் அன்றைக்கு மிதித்திருக்க வழியில்லை. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் அதே 1904-இல்தான். அரை நூற்றாண்டு கழித்து, 1951-52-இல் அகில இந்திய அளவில் நடந்த ஊரகக் கடன் கணக்கெடுப்பில், உழவர்கள் வாங்கிய கடனில் சுமார் 70 விழுக்காடு வட்டிக்காரர்களிடமிருந்து வந்ததாகவும், கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு சுமார் 3 விழுக்காடாகவும், வணிக வங்கிகளின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவும் இருந்தது தெரியவந்தது. நகரத்தில் வங்கி வளர்ந்தது. நாற்றங்காலுக்கு அது வந்து சேரவில்லை.

வளைவின் இரண்டாவது பாதி தானாக வந்துவிடவில்லை என்பதைத்தான் ஆய்வேட்டில் அழுத்தமாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1977-இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்தது: ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறக்க வேண்டும். 1990-இல் அந்த விதி கைவிடப்படும் வரை நடந்ததை ராபின் பர்கெஸ், ரோகிணி பாண்டே இருவரும் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். வணிக வங்கியையே பார்த்திராத சுமார் 30,000 ஊரக இடங்களில் கிளைகள் வந்தன. அவ்வாறு கிளை பெருகிய இடங்களில் ஊரக வறுமை குறைந்தது, வேளாண்மை அல்லாத தொழில்களின் உற்பத்தி கூடியது என்பது அவர்கள் கண்டது. அதே காலத்தில் வாராக்கடனும் பெருகியது. நானும் அந்தக் காலத்தில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின் கீழ் கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்து, மாடு செத்துப்போய்த் தவணை நின்றுபோன வீடுகளுக்கு நடந்திருக்கிறேன். அந்தக் கடன்களில் பல திரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கிளைகள் வந்திராவிட்டால் அந்த ஊர்களில் சேமிப்புக் கணக்கு என்ற ஒன்றே இன்னும் பல ஆண்டு தள்ளிப் போயிருக்கும் என்பதும் உண்மை.

நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது தோர்ஸ்டன் பெக், அஸ்லி டெமிர்குச்-குன்ட், ராஸ் லெவின் மூவரும் 2007-இல் வெளியிட்டது. நிதித்துறை வளர்ந்த நாடுகளில் மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கு மக்களின் வருமானம் சராசரியை விட வேகமாக வளர்ந்தது என்றும், அவர்களுக்குக் கிடைத்த நன்மையில் சுமார் 60 விழுக்காடு பொதுவான வளர்ச்சியாலும் சுமார் 40 விழுக்காடு ஏற்றத்தாழ்வு குறைந்ததாலும் வந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஆமோதிக்கவில்லை. ஜேக்கப் டி ஹானும் யான்-எக்பர்ட் ஸ்டுர்மும் 2017-இல், நிதி வளர்ச்சி, நிதித் தாராளமயம், வங்கி நெருக்கடி ஆகிய மூன்றுமே ஏற்றத்தாழ்வைக் கூட்டுகின்றன என்று முடிவுகட்டினார்கள். இவ்வளவு முரண்பாட்டுக்கு ஒரு பெரிய காரணம், அளக்கும் கோல் என்று நான் கருதுகிறேன். பெரும்பாலான ஆய்வுகள் தனியார் துறைக்குக் கொடுத்த மொத்தக் கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்பதையே நிதி வளர்ச்சி என்று வைத்துக்கொள்கின்றன. ஒரு கோடி ரூபாய் ஒரே அரிசி ஆலைக்குப் போனாலும், நூறு சிறு உழவர்களுக்குப் பிரிந்து போனாலும் அந்த விகிதம் ஒன்றுதான்.

இனி, இந்தக் கோல் பார்க்கத் தவறுவதை நம் ஊரை வைத்தே சொல்கிறேன். டெல்டாவில் நிலம் வைத்திருப்பவரும் நிலத்தில் உழைப்பவரும் பல இடங்களில் ஒரே ஆள் அல்லர். கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலும் வெளிநாட்டிலும் குடியேறிவிட்டவர்களின் நிலம் என்று ஏராளமான நஞ்சை குத்தகையில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி வாய்மொழிக் குத்தகை. வங்கிக்குப் போனாலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது சிட்டா (நில உடைமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு). சிட்டாவில் உடைமையாளர் பெயர் இருக்கும். அடங்கலில் உண்மையில் சாகுபடி செய்பவர் பெயர் ஏற வழி இருந்தும், பெரும்பாலும் அங்கேயும் உடைமையாளர் பெயரே தொடர்கிறது. பதிவு பெற்ற கோயில் குத்தகைதாரருக்கு ரசீதை வைத்து ஓரளவு வழி உண்டு. வாய்மொழியில் நிலத்தைப் பிடித்து நடுபவருக்கு அதுவும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அருகருகே ஆளுக்கு ஐந்து ஏக்கர் சம்பா. ஒருவர் சொந்த நிலத்தில் நடுகிறார், மற்றவர் குத்தகைக்கு. ஏக்கருக்கு 30,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், இருவருக்கும் 1,50,000 ரூபாய் தேவை. சொந்த நிலத்துக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குகிறார். தவணைக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியே இல்லை. குத்தகைக்காரர் உரக்கடையிலும் வெளியிலுமாகப் புரட்டுகிறார்; நூற்றுக்கு மூன்று வட்டி, அதாவது மாதத்துக்கு 3 விழுக்காடு. ஆறு மாதத்துக்கு 27,000 ரூபாய் வட்டியாகவே போகிறது. இதற்கு மேல் குத்தகை நெல்லை அளக்க வேண்டும். மண் ஒன்று, ஆற்றுத் தண்ணீர் ஒன்று, கொள்முதல் நிலையத்தில் விலையும் ஒன்று. கையில் நிற்கும் வருமானம் மட்டும் வேறு வேறு. இப்போது இந்தச் சங்கத்தின் கடன் தொகை அடுத்த ஆண்டு இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரத்தில் நிதி வளர்ச்சி. இந்த இருவருக்கும் இடையிலான வருமான இடைவெளி அப்படியே இருக்கும், அல்லது கூடும்.

இதில் என்னை மிகவும் வருத்திய ஒன்று உண்டு. நிலத்தில் கால் வைக்காத உடைமையாளர் தம் பெயரில் உள்ள சிட்டாவைக் காட்டிக் குறைந்த வட்டியில் பயிர்க்கடன் வாங்கி, அந்தப் பணத்தை வைப்பாகப் போட்டுவிடுவார், அல்லது தம் குத்தகைக்காரருக்கே வெளி வட்டிக்குக் கொடுப்பார். ஏழை உழவருக்காக அரசு கொடுக்கும் வட்டி மானியம் இவ்வாறு நிலமுள்ளவரின் வருமானமாக மாறுகிறது. இதை நாங்கள் அறிந்தே இருந்தோம்; காகிதம் சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டோம். கடன் தள்ளுபடியும் இதே வாய்க்காலில்தான் ஓடுகிறது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அது பல சிறு உழவர்களைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால் சங்கத்தின் பேரேட்டில் பெயர் இல்லாதவருக்கு, வட்டிக்காரரிடம் வாங்கியவருக்கு, தள்ளுபடி செய்ய எதுவும் இருக்கவில்லை. பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு உழவர் கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான், குத்தகைக்காரரும் சேரலாம் என்று விதி சொல்கிறது, ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றில் யார் பெயர் வருகிறதோ அவர் கணக்குக்கே இழப்பீடு போகும். மழையில் சாய்ந்த பயிர் ஒருவருடையது, பணம் ஏறும் கணக்கு இன்னொருவருடையது என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது.

கடன் வாங்காதவரையும் நிதித்துறை தொடும் என்பதை ஆய்வேட்டில் மறந்துவிட வேண்டாம். ஆந்திரப் பிரதேசத்தில் 2010-இல் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நுண்கடன் நின்றுபோனபோது ஏற்பட்ட விளைவை எமிலி பிரேசா, சிந்தியா கின்னன் இருவரும் ஆராய்ந்து, அதனால் கடன் வரத்து குறைந்த வெளிமாநில மாவட்டங்களில் ஊரகக் கூலியே குறைந்தது என்று காட்டினார்கள். சிறு தொழில் செய்பவர் கையில் பணம் இருந்தால்தான் அவர் ஆளை வைத்து வேலை வாங்குவார் என்பதே இதன் பொருள். நம் பகுதியில் இதன் மறுபக்கமும் உண்டு. டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் வங்கிக் கடனும் மானியமும் எளிதாகக் கிடைத்தபோது, அறுப்பிலும் கதிரடிப்பிலும் நாள் கணக்கில் கூலியும் நெல்லும் பெற்றுவந்த நிலமற்ற குடும்பங்களின் வேலை நாட்கள் சுருங்கின. ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான் இயந்திரம் வந்தது என்று உழவர் சொல்வார். அதிலும் நியாயம் இருக்கிறது, திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் பலர். ஆயினும், அறுப்பையே நம்பியிருந்த நடுத்தர வயதுப் பெண்களுக்கு அந்தக் கடனால் கிடைத்தது எதுவும் இல்லை. ஒரே கடன் ஒரு வகையில் கூலியைக் கூட்டும், இன்னொரு வகையில் கூலி வேலையையே எடுத்துவிடும். அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் தொகையை மட்டும் கூட்டினால் இது தெரியாது.

அந்தப் பெண்களுக்கு நிதித்துறை வந்த வழி வேறு. 1992-இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மகளிர் திட்டம் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. குழுவே பொறுப்பேற்றதால் சிட்டா தேவைப்படவில்லை, நகையும் தேவைப்படவில்லை. நான் பணியில் பார்த்த மாற்றங்களில் ஏற்றத்தாழ்வைச் சற்றேனும் அசைத்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். அதன் பின்னால் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. ஊரில் இருந்த தண்டலோடு ஒப்பிட்டால் அவை மலிவு: 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்கும் தண்டலின் வட்டி ஆண்டுக்கு 70 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் ஒரே பெண் நான்கைந்து நிறுவனங்களில் குழு லோன் வாங்கி, ஒன்றை வைத்து மற்றொன்றைக் கட்டும் நிலை வந்தபோது, அந்தக் கடன் வருமானத்தைப் பெருக்கவில்லை, வருமானத்தின் ஒரு பகுதியை வாரந்தோறும் வெளியே எடுத்துச் சென்றது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு, கூரை இல்லாத வீட்டின் வாசலில் தவணை கேட்டு நின்றவர்களை அந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. நல்ல விதி, ஆனால் அந்த வருமானத்தை மதிப்பிடுவது கடன் கொடுக்கும் நிறுவனமே.

மேல் தட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம் கேள்வியின் கனம் கீழ் தட்டில்தான் இருக்கிறது. தனியார் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 100 விழுக்காட்டை நெருங்கிய பிறகு மேலும் வரும் நிதி வளர்ச்சி, பொருளாதார வளர்ச்சிக்கே உதவுவதில்லை என்று ஆர்கான், பெர்க்கஸ், பனிட்சா மூவரும் கண்டார்கள். அமெரிக்காவில் 1980-க்குப் பிறகு நிதித்துறை ஊழியர்களின் ஊதியம் பிற துறைகளை விட்டு மிக உயரே போனது. இந்தியா அந்தக் கடன் அளவை எட்டவில்லை. ஆனாலும், உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்கின்படி 2022-23-இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடும் செல்வத்தில் 40.1 விழுக்காடும் மேல்தட்டு 1 விழுக்காட்டினரிடம் இருந்தன. பங்கு விலை ஏறும்போது அந்த ஏற்றம் பங்கு வைத்திருப்பவருக்கே போகும். டெல்டாவின் கூலிக் குடும்பத்தின் சேமிப்பு தாலியிலும் தோட்டிலும் சீட்டிலும் இருக்கிறது. அந்தத் தோடும் ஆடி மாதம் நடவுச் செலவுக்கு அடகுக்கடைக்குப் போய், தை மாதம் நெல் விற்றால் திரும்பி வரும்.

கணக்குத் தொடங்கிவிட்டால் போதுமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் 2023-க்குள் 50 கோடிக் கணக்குகள் வந்துவிட்டன. நூறு நாள் வேலைக் கூலியும் ஓய்வூதியமும் இடையில் யார் கையும் படாமல் வந்து சேர்வதற்கு அவை பெரிதும் உதவின. இது சிறிய விஷயம் அன்று. ஆனால் பணம் வந்து இறங்கும் கணக்கும் கடன் கிடைக்கும் கணக்கும் ஒன்றல்ல. ஆய்வில் இரண்டையும் தனித்தனி மாறிகளாக வையுங்கள்.

கடைசியாக, சட்டம். குத்தகைதாரரை வெளியேற்றுவதிலிருந்து காக்க 1955-இலும், குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இலும் தமிழ்நாட்டில் சட்டங்கள் வந்தன. அந்தப் பாதுகாப்பே பதிவுக்குத் தடையாகவும் ஆனது: எழுத்தில் கொடுத்தால் நிலம் திரும்பாது என்று உடைமையாளர் அஞ்சுகிறார், அதனால் வாய்மொழியிலேயே கொடுக்கிறார், ஆண்டுக்கு ஆண்டு ஆளையும் மாற்றுகிறார். ஆந்திரம் 2011-இல் வேறு வழியை முயன்றது; நிலத்தின் மீது எந்த உரிமையும் தராமல், அந்த ஆண்டுச் சாகுபடிக்குக் கடன் பெற மட்டும் உதவும் அட்டையைக் குத்தகைக்காரருக்குக் கொடுக்கச் சட்டம் செய்தது, 2019-இல் அதை மாற்றி இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. அங்கும் வங்கிகள் தயங்குகின்றன, உடைமையாளர்களும் தயங்குகிறார்கள். இருந்தாலும், உரிமையையும் கடன் தகுதியையும் பிரித்துப் பார்க்கும் அந்த வழியே நமக்கும் ஏற்றது என்பது என் கருத்து. நிலமற்ற குத்தகைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுக்களுக்கு நபார்டு இடம் கொடுத்திருக்கிறது. எங்கள் கிளையில் அப்படிக் கொடுத்த கடன்களில் பெரும்பாலானவை ஒழுங்காகத் திரும்பின.

உங்கள் ஆய்வேட்டுக்கு நாடுகளின் தரவை மட்டும் வைத்துக்கொள்ளாமல், உங்கள் வருவாய்க் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா நடவு முடிந்ததும் வரப்பில் நடந்து, ஒவ்வொரு வயலையும் உண்மையில் சாகுபடி செய்வது யார் என்று எழுதுங்கள். பிறகு அதே சர்வே எண்ணுக்கு அடங்கலில் யார் பெயர் இருக்கிறது, சங்கத்தில் யார் பெயரில் கடன் போயிருக்கிறது, காப்பீட்டுப் பட்டியலில் யார் பெயர் வந்திருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். நான்கு பெயர்களும் ஒன்றாக வரும் வயல்கள் எத்தனை, வராதவை எத்தனை என்று எண்ணி, இரண்டு வகைக் குடும்பங்களும் அந்தப் பருவத்தில் கட்டிய வட்டியை ஒப்பிடுங்கள். வெளி வட்டியை யாரும் முதல் நாளில் சொல்ல மாட்டார்கள். அறுப்பு முடிந்து மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போன பிறகு இன்னொரு முறை போய், வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.